மும்மாத ஊசி வந்த வழி

தாய்லாந்து நாட்டின் வடபகுதியில், பிங் ஆற்றங்கரையில் அமைந்த பழம்பெரும் நகரம் சியாங் மாய். அங்கு மெக்கார்மிக் மருத்துவமனை என்றொரு மருத்துவமனை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கக் கிறித்துவ ஊழியர்கள் தொடங்கிய மருத்துவப் பணியிலிருந்து வளர்ந்தது அது. கதிரறுக்கும் பொறியால் பெருஞ்செல்வம் ஈட்டிய மெக்கார்மிக் குடும்பத்தாரின் கொடையே அதற்கு அப்பெயரைத் தந்தது. 1965ஆம் ஆண்டில் அங்குப் பணியாற்றிய எட்வின் மெக்டேனியல் என்னும் மருத்துவர், அடுத்த பிள்ளைப்பேற்றைத் தள்ளிவைக்க விரும்பிய தாய்மார்களுக்குப் புதியதோர் ஊசியைப் போடத் தொடங்கினார். ஒருமுறை போட்டுக்கொண்டால் மூன்று திங்கள் கருத்தரிக்காது என்பதே அவ்வூசியின் சிறப்பு. உலகிலேயே அவ்வூசி மிக முன்னதாகவும் மிகப் பரவலாகவும் வழங்கிய இடங்களுள் சியாங் மாய் ஒன்றாயிற்று.

அம்மருந்து கருத்தடைக்கெனப் பிறந்தது அன்று. பெண்ணின் உடலில் இயல்பாகச் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனை ஒத்த ஒரு பொருளை, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரிலிருந்த அப்ஜான் நிறுவனத்தின் வேதியியலார் 1950களில் உருவாக்கினர். மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் அசிட்டேட் என்பது அதன் நீண்ட பெயர். ஊசி மருந்தாக வந்தபோது டெப்போ புரோவெரா என்பது வணிகப் பெயராயிற்று. டெப்போ என்றால் கிடங்கு. பெயர் பொருத்தமானதே. நீரில் எளிதில் கரையாத நுண்படிகங்களாக அம்மருந்து குப்பியில் மிதக்கிறது. குப்பியை நன்கு குலுக்கித் தோளிலோ இடுப்பிலோ தசைக்குள் செலுத்தினால், பத்தாயத்தில் இட்ட நெல்லைப்போல அங்கேயே தங்கி, நாள்தோறும் சிறிது சிறிதாகக் குருதியில் கலக்கிறது. ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது என்று தாதியர் எச்சரிப்பது இதனால்தான். தேய்த்தால் கிடங்கு விரைவில் கரைந்துவிடும்.

1960ஆம் ஆண்டில், கருச்சிதைவு நேருமென அஞ்சப்பட்ட பெண்களுக்கும், கருப்பையின் உட்படலம் வேறிடத்தில் வளரும் நோய்க்கும் அதனைப் பயன்படுத்த அமெரிக்காவில் இசைவு கிடைத்தது. பிரேசில் நாட்டின் பாகியா மாநிலத்துச் சல்வடோர் நகரில் எல்சிமார் கோட்டினோ என்னும் மருத்துவர், குறைமாதத்தில் நோவு கண்ட பெண்களுக்கு இம்மருந்தை ஊசியாகப் போட்டுப் பார்த்தார். பிள்ளை பெற்ற பின்னரும் அப்பெண்கள் நெடுநாள் மீண்டும் கருவுறாதிருக்கக் கண்டார். கருவைக் காக்கக் கொடுத்த மருந்தே கருவைத் தடுக்கும் மருந்தென அறியப்பட்டமை மருத்துவ வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

மருந்து செய்யும் வேலை பெரிதும் மறைவானதன்று. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி திங்கள்தோறும் சூலகத்திற்கு ஓர் ஏவல் அனுப்புகிறது. அதன்படி ஒரு சினைமுட்டை வெளிப்படுகிறது. ஊசி மருந்து அந்த ஏவலை அடக்கிவிடுகிறது. அத்துடன் கருப்பை வாயிலிலுள்ள கோழையைத் தடிக்கச் செய்கிறது. உட்படலத்தை மெலியச் செய்கிறது. 150 மில்லிகிராம் அளவில் மூன்று திங்களுக்கு ஒருமுறை தவறாது போட்டுக்கொள்ளும் பெண்களுள், ஓராண்டில் கருவுறுவோர் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். அமெரிக்காவில் 1960இல் கருத்தடைக்கென இசைவு பெற்ற மாத்திரை, ஒத்துக்கொள்ளவில்லையெனின் மறுநாளே நிறுத்திவிடக் கூடியது. கருப்பையுள் வைக்கும் வளையத்தை மருத்துவரிடம் சென்று எடுத்துவிடலாம். ஊசியோ அத்தகையதன்று. உட்சென்ற மருந்தைத் திரும்பப் பெற எந்த மருத்துவராலும் இயலாது; அது தானாகத் தீரும்வரை பொறுத்திருக்க வேண்டியதே. ஆகவே முதன்முறை ஊசி போட்டுக்கொள்ள வரும் பெண்ணுக்கு, ஊசிக்கு முன்னர்ச் சொல்லப்படும் சொற்கள் மருந்தின் ஒரு பாகமே ஆகின்றன. இவ்வூசியின் அறுபதாண்டு வரலாற்றில் எழுந்த பூசல்களை ஆராய்ந்தால், அவற்றுட் பெரும்பாலானவை அச்சொற்கள் சொல்லப்பட்டனவா, மறைக்கப்பட்டனவா என்ற வினாவிலேயே வந்து நிற்கக் காணலாம்.

சியாங் மாய்ப் பெண்கள் ஊசியை விரும்பி ஏற்றதற்குக் காரணங்கள் உண்டு. 1950ஆம் ஆண்டு முதல் உலகச் சுகாதார நிறுவனமும் யூனிசெப் நிறுவனமும் தாய்லாந்து அரசுடன் சேர்ந்து, மலாய் மொழியில் புரு எனப்படும் தோற்புண் நோயை ஒழிக்கப் பெனிசிலின் ஊசி போட்டன. ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்கள் ஓர் ஊசியில் ஆறின. அதைக் கண்ணாரக் கண்ட சிற்றூர் மக்களுக்கு ஊசியின்மீது அளவிறந்த நம்பிக்கை பிறந்தது. மருத்துவம் முறையாகக் கற்காமல், ஊசிக்குழலை மட்டும் கையிலெடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்று பிழைத்த ஊசி மருத்துவர்கள் அக்காலத் தாய்லாந்தில் மலிந்திருந்தனர். நம்பிக்கை மிகுந்துவிட்டால் போலிகளும் பெருகுவது உலக வழக்கன்றோ!

பெண்களுக்கு வேறு வசதிகளும் இருந்தன. நாள்தோறும் நினைவாக மாத்திரை விழுங்க வேண்டியதில்லை. வளையம் வைப்பதற்குரிய உடற்சோதனை இல்லை. கூச்சமுள்ள பெண்ணும் தோளை மட்டும் காட்டினாற் போதும். வீட்டில் மருந்துப் பெட்டி இராதாகையால், கணவனோ மாமியோ அறிய வேண்டியதில்லை என்று கருதிய பெண்களும் இருந்திருப்பர். பாலூட்டும் தாய்க்கோ இன்னொரு நன்மை. கலவை மாத்திரையிலுள்ள ஈஸ்ட்ரோஜென் இவ்வூசியில் இல்லை. எனவே தாய்ப்பால் குறைவதில்லை.

அந்நாளில் தாய்லாந்து அரசுக்குக் குடும்பத் திட்டக் கொள்கை இருக்கவில்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 1966ஆம் ஆண்டிலேயே அதற்கான வாரியங்கள் சட்டப்படி அமைந்துவிட்டன. தாய்லாந்து அமைச்சரவை 1970ஆம் ஆண்டில்தான் தன் கொள்கையை அறிவித்தது. எனவே முதல் ஐந்தாண்டுகளில் சியாங் மாயில் நடந்தது ஒரு தனியார் மருத்துவமனையின் முயற்சியே எனலாம். மெக்டேனியலின் குழுவினர் நகரத்தில் காத்திராமல், ஊர்தியில் மருந்தேற்றிக்கொண்டு சிற்றூர்களுக்கே சென்றனர். ஊசி போட்டுக்கொண்டவர் தொகை சில ஆண்டுகளில் பல்லாயிரமாயிற்று. 1960களின் நடுவில் தாய்லாந்துப் பெண் சராசரியாக ஆறு பிள்ளைகள் பெற்றாள். 1990ஆம் ஆண்டளவில் அத்தொகை இரண்டளவில் வந்து நின்றது. வடபகுதியில் இவ்விறக்கம் நாட்டின் பிற பகுதிகளுக்கு முன்னதாகவே நிகழ்ந்தது. ஊசி ஒன்றே அதற்குக் காரணம் என்பது மிகை. கல்வியும் சாலையும் சிசு மரணக் குறைவும் தத்தம் பங்கைச் செய்தன.

முதன்முறை ஊசி போட்டுக்கொண்ட பெண் வீடு திரும்பியபின் என்ன கண்டாள்? மாதவிலக்கு முறை தவறிற்று. முதற் சில திங்கள்களில் சிலருக்கு எதிர்பாராத நாள்களில் குருதிக் கசிவு உண்டாயிற்று. சிலருக்கு நாள்கள் நீண்டன. ஓராண்டு தொடர்ந்து போட்டுக்கொண்டவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மாதவிலக்கே நின்றுவிடுவதை ஆய்வுகள் காட்டின. உட்படலம் மெலிந்துவிட்டதால் கழிவதற்கு ஒன்றுமில்லை என்பதே இதன் விளக்கம். எளிய விளக்கந்தான், ஆனால் முன்கூட்டிச் சொல்லப்படாத பெண்ணுக்கு அஃது எப்படித் தெரியும்? திங்கள்தோறும் வெளியேற வேண்டிய கெட்ட இரத்தம் உள்ளே தேங்கி நோயாக மாறும் என்ற நம்பிக்கை கீழை நாடுகள் பலவற்றில் உண்டு. தமிழ்க் குடும்பங்களில் அது இல்லையென்று சொல்லிவிட முடியாது. உடல் எடை கூடுவதும் சிலரை வருத்திற்று.

அவை அனைத்தினும் பெரிய வினா ஒன்றிருந்தது. ஊசியை நிறுத்தினால் மறுபடியும் பிள்ளை பிறக்குமா? இவ்வினாவுக்கு உலகம் நம்பத்தக்க விடையைப் பெற்றது சியாங் மாயிலிருந்துதான். மெக்டேனியலும், தியெங் பர்தைசோங் என்னும் தாய்லாந்து ஆய்வாளரும், பிள்ளை வேண்டி ஊசியை நிறுத்திய பெண்களைப் பின்தொடர்ந்து கணக்கெடுத்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கருவுற்றனர். ஆனால் உடனே அன்று. கடைசி ஊசியிலிருந்து எண்ணினால் பாதிப்பேர் கருவுறவே ஏறத்தாழ ஒன்பது, பத்துத் திங்கள் ஆயின. பல ஆண்டுகள் போட்டுக்கொண்டவளுக்கும் சில ஊசிகளே போட்டுக்கொண்டவளுக்கும் இக்காலத் தாழ்வில் பெரிய வேறுபாடு இல்லை. இச்செய்தியை அறிந்த பெண் பொறுமையுடன் காத்திருப்பாள். அறியாதவளோ மலடாகிவிட்டோமென்று கலங்குவாள். மருந்து இருவருக்கும் ஒன்றேதான்.

சியாங் மாயில் ஊசி பரவிக்கொண்டிருந்த காலத்தில், மருந்து பிறந்த நாட்டிலோ அது கருத்தடைக்கு இசைவு பெறவில்லை. அப்ஜான் நிறுவனம் 1967ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகத்தை அணுகியது. சோதனைக்காகப் பீகிள் இனத்து நாய்களுக்கு இம்மருந்தைத் தொடர்ந்து கொடுத்தபோது அவற்றின் மார்பகத்தில் கட்டிகள் தோன்றின. பின்னர், மனித அளவைப்போல் பன்மடங்கு மருந்து பெற்ற குரங்குகளுள் இரண்டிற்குக் கருப்பை உட்படலத்தில் புற்றுநோய் கண்டது. 1974இல் வரம்புடன் இசைவு தர முன்வந்த நிருவாகம் எதிர்ப்பினால் பின்வாங்கி, 1978இல் மறுத்தே விட்டது. மூவர் கொண்ட விசாரணைக் குழு 1983ஆம் ஆண்டு சனவரியில் வாஷிங்டனில் கூடி இருதரப்பு அறிஞர்களையும் கேட்டது. 1984இல், பாதுகாப்பானதெனத் துணியப் போதிய சான்று இல்லை என்றது. நிறுவனம் 1986இல் விண்ணப்பத்தை மீட்டுக்கொண்டது.

அமெரிக்கப் பெண்ணுக்கு ஆகாது என்று தள்ளப்பட்ட மருந்து ஆசிய, ஆப்பிரிக்கப் பெண்களுக்கு மட்டும் ஆகுமா என்று கேட்டவர்கள் பலர். இசைவு பெறாத மருந்தை அமெரிக்காவிலிருந்து ஏற்றுமதி செய்யச் சட்டம் இடந்தராமையால், அஃது பெல்ஜியத்தில் செய்யப்பட்டுப் பிற நாடுகளுக்குச் சென்றது என்பதும் அவர்களின் சினத்தைக் கூட்டிற்று. அவ்வினா நியாயமானதே. மறுபக்கத்தார் சொன்னதிலும் பொருளுண்டு. பிள்ளைப்பேற்றில் தாய்மார் பெருந்தொகையாக மடியும் நாட்டில், மருந்தின் தீமையை மட்டும் நிறுத்துப் பார்ப்பது ஒருதட்டுத் தராசாகும் என்றனர். எனினும் அமெரிக்காவிலேயே, அட்லாண்டா நகரின் கிரேடி மருத்துவமனையில் 1967 முதல் 1978 வரை ஆயிரக்கணக்கான பெண்களுக்கு ஆய்வாக இவ்வூசி போடப்பட்டது. அவர்களுட் பெரும்பாலோர் ஏழைகள், கறுப்பின மகளிர். பதிவேடுகள் சரிவரப் பேணப்படவில்லை என்று பின்னர் அரசு ஆய்வாளர் கண்டனர். தட்டில் வைக்கப்பட்டவர் யார் என்பதற்கு நாட்டெல்லை மட்டும் விடையாகாது என்பதை இது காட்டுகிறது.

விலங்குகள் எழுப்பிய ஐயத்தை யார் தீர்ப்பது? உலகச் சுகாதார நிறுவனம் தாய்லாந்து, மெக்சிகோ, கென்யா ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளில், புற்றுநோய் கண்ட பெண்களையும் காணாத பெண்களையும் ஒப்பிட்டுப் பல்லாண்டு ஆராய்ந்தது. தாய்லாந்தில் பாங்காக்குடன் சியாங் மாயும் அவ்வாய்வில் இடம்பெற்றது. நீண்ட நாள் ஊசி போட்டுக்கொண்ட பெண்கள் வேறெங்குத் திரளாகக் கிடைப்பர்? 1991ஆம் ஆண்டில் முடிவுகள் வெளிவந்தன. மார்பகப் புற்றுநோய் மொத்தத்தில் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. ஆயினும் அண்மையில் ஊசியைத் தொடங்கிய இளவயதினரிடம் சற்றுக் கூடுதல் காணப்பட்டது. கருப்பை உட்படலப் புற்றுநோயோ ஊசி போட்டுக்கொண்டோரிடம் மிகவும் குறைந்தே இருந்தது. குரங்கு காட்டிய அச்சத்துக்கு நேர்மாறான விடை இது. 1992ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்கா இசைவளித்தது. வயலில் நாற்று நட்டும் சந்தையில் காய் விற்றும் வாழ்ந்த வடதாய்லாந்துப் பெண்களின் உடலே அமெரிக்கப் பெண்களுக்கான சான்றாக அமைந்தது என்பதை அந்நாளைய செய்தித்தாள்களைப் படித்தவர்கள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பர்!

இதற்கிடையே வேறு நாடுகளில் வேறு கதைகள் நடந்தன. 1980இல் விடுதலை பெற்ற சிம்பாப்வே, மறு ஆண்டே இவ்வூசியைத் தடைசெய்தது. வெள்ளையராட்சி தங்கள் இனத்தைக் குறைக்கவே அதனைப் பரப்பிற்று என்ற ஐயம் மக்களிடையே வேரூன்றியிருந்தது. அறிந்து, விரும்பிப் போட்டுக்கொண்ட பெண்களும் அத்தடையால் அதை இழந்தனர்.

இந்தியாவில் நடந்தது ஆழ்ந்து நோக்கத்தக்கது. அங்குச் சோதிக்கப்பட்டது டெப்போ புரோவெரா அன்று; அதற்கு உறவான நாரெதிஸ்டிரோன் எனந்தேட் என்னும் ஊசி. இரண்டு திங்களுக்கு ஒருமுறை 200 மில்லிகிராம் போடுவது. 1985ஆம் ஆண்டில் ஐதராபாத்துக்கு அருகிலுள்ள பட்டன்செரு சுகாதார நிலையத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் சோதனைக்கென முகாம் நடந்தது. ஸ்திரீ சக்தி சங்கடனா என்னும் மகளிர் அமைப்பினர் அங்குச் சென்று, வந்திருந்த ஏழைப் பெண்களிடம் பேச்சுக் கொடுத்தனர். புதிய ஊசி, பிள்ளை பிறக்காது என்ற அளவே அப்பெண்கள் அறிந்திருந்தனர். தாங்கள் ஓர் ஆராய்ச்சிக்கு உட்படுகிறோம் என்பதோ, மாதவிலக்கு மாறக்கூடும் என்பதோ அவர்களுக்குத் தெரியாது. மகளிர் அமைப்பினர் அவற்றை எடுத்துரைத்தபின் பலர் ஊசி வேண்டாமென்று திரும்பிவிட்டனர். 1986ஆம் ஆண்டில் அவ்வமைப்பும், தில்லியின் சகேலி அமைப்பும், பிறரும் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர்.

கருத்தடை என்னும் சொல்லைத் தமிழாசிரியர்கள் கரு, தடை எனப் பிரிப்பர், அதுவே முறை. மாணவன் ஒருவன் கருத்து, அடை எனப் பிரித்துக் கருத்தை அடைத்தல் என்று பொருள் கூறினால் இலக்கணம் அவனைத் தடுக்காது. பட்டன்செரு நிகழ்ச்சியைப் படிப்போர்க்கு அவன் கூறும் பொருளும் தவறாகத் தோன்றாது.

வழக்கு நீண்டது. 1993இல் டெப்போ புரோவெரா இந்தியாவில் தனியார் விற்பனைக்கு வந்தது. அரசுத் திட்டத்தில் சேரவில்லை. 2000ஆம் ஆண்டில் வழக்கு முடிவுற்றபோது, முன் ஆலோசனைக்கும் பின் கவனிப்புக்கும் வசதியுள்ள இடங்களில் அன்றி நாரெதிஸ்டிரோன் ஊசியைப் பரவலாக வழங்குவதில்லை என அரசு உறுதி கூறியிருந்தது. 2017ஆம் ஆண்டில்தான் மும்மாத ஊசி, அந்தரா என்னும் பெயருடன் அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வழங்கத் தொடங்கிப் பின் மாநிலந்தோறும் விரிந்தது.

முன் ஆலோசனை என்பது வெறும் அறவுரை என்று எண்ணுவோர் இருக்கலாம். சீன நாட்டில் நடந்து 1996இல் வெளிவந்த ஆய்வொன்று அதற்கு விடை பகர்கிறது. ஊசி போட்டுக்கொள்ள முன்வந்த நானூற்றுக்கு மேற்பட்ட பெண்களை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு ஊசியின் தன்மையையும், மாதவிலக்கு மாறும் அல்லது நிற்கும் என்பதையும் விரிவாக விளக்கினர். மறுபிரிவினருக்கு வழக்கமான சில சொற்களே சொல்லப்பட்டன. ஓராண்டு முடிவில், விளக்கம் பெற்றவர்களுள் ஊசியைக் கைவிட்டோர் 11 விழுக்காட்டினர். விளக்கம் பெறாதவர்களுள் கைவிட்டோர் 42 விழுக்காட்டினர். சோதனைச்சாலையில் மேலும் பல ஆண்டு உழைத்தாலும் மருந்தில் இத்துணை வேறுபாட்டை உண்டாக்கியிருப்பது அரிது.

சொல்ல வேண்டியவை காலந்தோறும் கூடியும் வருகின்றன. நீண்ட நாள் பயன்படுத்துவோர்க்கு எலும்பின் அடர்த்தி குறைகிறது என்று 2004இல் அமெரிக்க நிருவாகம் மருந்துத் தாளில் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. ஆப்பிரிக்காவில் எச்.ஐ.வி. தொற்று இவ்வூசியால் கூடுகிறதோ என்ற அச்சம் நெடுநாள் நிலவிற்று. தென்னாப்பிரிக்கா, கென்யா, சாம்பியா, எஸ்வாத்தினி ஆகிய நான்கு நாடுகளில் 7,829 பெண்களிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளிவந்த ஆய்வு, வளையம், கைக்குள் பதிக்கும் குச்சி ஆகியவற்றோடு ஒப்பிடுகையில் பெரிய வேறுபாடு இல்லை எனக் காட்டிற்று. ஆனால் அந்நாடுகளில் எம்முறையைக் கைக்கொண்ட பெண்ணுக்கும் தொற்று மிகுதியாகவே இருந்தது. இவ்வூசி கருவைத் தடுக்குமேயன்றி நோய்த்தொற்றைத் தடுக்காது. 2024இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள், ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து போட்டுக்கொண்டோர்க்கு மூளையுறையில் தோன்றும் மெனிஞ்சியோமா என்னும் கட்டி வரும் வாய்ப்புப் பன்மடங்கு கூடுகிறது என்று கண்டனர். அக்கட்டி மிக அரியது; பெரும்பாலும் புற்றுநோய் வகையைச் சேர்ந்ததன்று. அரியது என்பதையும் சேர்த்தே சொன்னால்தான் செய்தி முழுமை பெறும்.

ஊசியின் வடிவமும் மாறிவிட்டது. 104 மில்லிகிராம் மருந்தைத் தசைக்குள் அன்றித் தோலுக்கடியிலேயே செலுத்தும் வகை 2004இல் இசைவு பெற்றது. பின்னர், சிறு குமிழில் மருந்தும் அதன் நுனியில் குறும் ஊசியும் ஒன்றாய் அமைந்த கருவி வந்தது. 2014ஆம் ஆண்டு முதல் செனெகல், உகாண்டா முதலிய நாடுகளில் அது பரவிற்று. தாதி ஒருமுறை கற்றுக் கொடுத்துவிட்டால், அடுத்த முறை பெண் தன் வீட்டிலேயே வயிற்றிலோ தொடையிலோ தானே போட்டுக்கொள்ளலாம். மருந்தைக் குலுக்குதல், ஊசிமுனையை மூடியிருக்கும் தொப்பியை அழுத்தித் திறத்தல், தோலைக் கிள்ளிப் பிடித்தல், குமிழை மெல்ல அமுக்குதல், போட்ட இடத்தைத் தேய்க்காதிருத்தல் என ஒவ்வொன்றையும் தாதியின் முன் அவள் செய்து காட்டுகிறாள். குருதிக் கசிவு எப்போது அஞ்சத்தக்கது, எப்போது அன்று என்பதையும் வாயாற் சொல்லிக் காட்டுகிறாள். பிறகு எஞ்சிய குமிழ்களைக் கைப்பையில் இட்டுக்கொண்டு, அடுத்த ஊசிக்குரிய நாளை நாட்காட்டியில் தானே குறித்துக்கொள்கிறாள்.